நன்று, கழுவப்படாதது

இந்த உலகத்தில் இதுவரை அதிகாரிகள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, தட்டிப் பார்த்து, தரம் பிரித்து, பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து முத்திரை போட்டு மூடிய ஒரே மனிதன் நான்தான். என் தரம் 'நன்று, கழுவப்படாதது'. உங்களுக்குப் பட்டம் இருக்கும், பதவி இருந்திருக்கும், சர்க்கரையும் இருக்கும். தரம் இருக்கிறதா? எனக்கு இருக்கிறது.

இதை எங்கள் குடும்பத்தில் நம்பாமல் இருந்தவர் ஒருவர்தான். என் மனைவியின் அண்ணன், என் மச்சான். மற்றவர்கள் எல்லாரும் நம்புகிறார்கள், அல்லது நான் ஆரம்பித்ததும் எழுந்து போய்விடுகிறார்கள். இரண்டும் எனக்கு ஒன்றுதான்.

மச்சான் கோர்ட்டு வராந்தாவில் நின்று சாட்சிகளைப் பெயர் சொல்லிக் கூவிக் கூப்பிடும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். ஆயுள் முழுக்கச் சாட்சியைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, சாட்சி இல்லாமல் எதையும் ஏற்காத மனிதராகிவிட்டார். நனைந்துகொண்டே உள்ளே வந்து "வெளியே மழை" என்று சொன்னால்கூட "ஆதாரம்?" என்பார். அதனால் அவருக்குத் தெருவில் பெயரே ஆதாரம்தான்.

நான் பஸ் கண்டக்டர். ஓடுகிற வண்டியில் நின்றே வயதானவன். தரை அசையாமல் இருந்தால் எனக்குத் தலை சுற்றும். அதனால் ஓய்வு பெற்ற நாள்முதல் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே நடந்துகொண்டே இருக்கிறேன். "ஏங்க, கடைசி ஸ்டாப்பு வந்தாச்சு. உக்காருங்க" என்பாள் என் மனைவி. உட்கார்ந்தால் கால் ஆடும். காலைப் பிடித்து வைத்தால் கை ஆடும்.

என் மனைவிக்கும் கை சும்மா இருக்காது. அவள் கை தேய்க்கும். பாத்திரம், குழாய், கதவுக் கைப்பிடி, கண்ணாடி, எதுவானாலும் தேய்க்கும். எங்கள் வீட்டு டம்ளர்கள் தேய்ந்து தேய்ந்து காற்றடித்தால் நகர்ந்து போகும் பதத்துக்கு வந்திருந்தன. வாசலில் இருந்த வீட்டு எண் பலகையை அவள் தேய்த்த தேய்ப்பில் எண்ணே அழிந்துவிட்டது. தபால்காரர் தெருமுனையில் நின்று எந்த வாசல் கண்ணைக் கூசுகிறது என்று பார்த்துத்தான் எங்களுக்குத் தபால் கொண்டு வருவார். இதில் மிகை எதுவும் இல்லை. வேண்டுமானால் கொஞ்சம் குறைத்தே சொல்லியிருக்கிறேன்.

ஒருநாள் அவள் என் பழைய தோல் பையை, பஸ்ஸில் சில்லறை போட்டு வைத்திருந்த பையை, உள்வெளியாகத் திருப்பி உதறினாள். உள்துணியின் தையலுக்குள்ளிருந்து கறுப்பாக வட்டமாக ஏதோ விழுந்தது. பொத்தான் என்று நினைத்தாளாம். பொத்தானாக இருந்தால் மட்டும் விட்டுவிடுவாளா? பல்பொடி டப்பாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மத்தியானம் முழுக்கத் தேய்த்தாள். கறுப்புக்குள்ளிருந்து ஒரு ராஜா எட்டிப் பார்த்தார். இப்போதுதான் முகம் கழுவிக்கொண்டு வந்தவர் மாதிரி மூக்கும் முழியுமாக. பழைய வெள்ளிக் காசு! கூட்ட நெரிசலில் எந்தக் காலத்திலோ எந்தப் பயணியோ கொடுத்ததை நான் பார்க்காமல் வாங்கிப் போட்டிருக்கிறேன்.

அவள் அதை ஒரு தட்டில் வைத்துக் கூடத்து மேஜையில் எல்லாரும் பார்க்கும்படி வைத்தாள். அன்றைக்கு அவள் முகம் அந்தக் காசைவிடப் பளபளப்பாக இருந்தது.

சாயங்காலம் ஆதாரம் வந்தார். தட்டைப் பார்த்தார். மூக்கை அதற்குக் கிட்டே கொண்டு போனார்.

"தங்கச்சி, இதைத் தேய்ச்சியா?"

"ஆமாண்ணே. நல்லா வந்திருக்குல்ல?"

"போச்சு."

"என்னண்ணே போச்சு?"

"தொட்டிருக்கவே கூடாது. பழைய காசைத் தேய்ச்சா மதிப்பு போயிடும். அழுக்கோட இருந்திருந்தா இதை வித்து ஒரு வீடே வாங்கியிருக்கலாம். ஒரு வீட்டையே தேய்ச்சுக் கழுவி ஊத்திட்டியே!"

வாழ்நாளில் முதல்தடவையாக அவர் ஆதாரம் இல்லாமல் ஒன்றைச் சொன்னார். அதற்கு ஆதாரம் கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை.

அன்றோடு என் மனைவி தேய்ப்பதை நிறுத்திவிட்டாள். அழவில்லை, பேசாமல் இருக்கவில்லை, நேரத்துக்குச் சாப்பாடு வந்தது. தேய்ப்பது மட்டும் நின்றுபோனது. பாத்திரங்களைத் தண்ணீரில் அலசிக் கவிழ்த்தாள். பல்பொடி டப்பாவை வீட்டில் வைத்தால் கை போய்விடும் என்று தன் கைப்பையில் போட்டு மூடி வைத்துக்கொண்டாள். குழாய் மங்கியது. கண்ணாடியில் என் முகம் வேறு யாரோ மாதிரி தெரிந்தது. அவள் கைகள் மடியில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. அந்தக் கைகள் சும்மா கிடந்து நான் பார்த்ததே இல்லை. எனக்கு நடை இன்னும் அதிகமாகிவிட்டது.

ஒருநாள் நான் அவளைக் கடந்து போகும்போது கேட்டாள்: "ஏங்க, நிஜமாவே ஒரு வீடா?"

எனக்குத் தெரியவில்லை. தெரியாததால் நிற்க முடியவில்லை. காசைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பழங்காசுத் தரநிர்ணய ஆணையத்துக்குப் புறப்பட்டேன். எனக்கு வேண்டியது ஒரே ஒரு பதில். கழுவாமல் இருந்திருந்தால் இது என்ன விலை போயிருக்கும்?

ஆணையத்தின் வாசலில் காவலாளி என்னைக் கையமர்த்தினார்.

"மூச்சை முழுசா வெளியே விட்டுட்டு உள்ள போங்க, பெரியவரே."

"உள்ள போய் மூச்சு விட வேண்டாமா?"

"தேவைக்கு மட்டும் விடுங்க. வெள்ளிக்கு மூச்சு ஆகாது. இங்க எல்லாரும் சிக்கனமாத்தான் விடுறோம்."

பிறகு என்னை ஒரு தராசில் ஏற்றி நிறுத்தார். வெளியே வரும்போதும் நிறுப்பாராம். "எடை கூடியிருந்தா வெள்ளியை எடுத்துட்டுப் போறீங்கன்னு அர்த்தம்."

"குறைஞ்சிருந்தா?"

"உள்ள ரொம்ப நேரம் காத்திருந்தீங்கன்னு அர்த்தம். அதுக்கு ஆணையம் பொறுப்பில்ல."

உள்ளே எல்லாரும் செருப்பில்லாமல் காலுறையோடு நடந்தார்கள். ஒருவரும் சத்தமாகப் பேசவில்லை. உட்காரச் சொன்னார்கள். எனக்குத்தான் உட்கார வராதே, வரிசை நாற்காலிகளுக்கு முன்னால் நடக்க ஆரம்பித்தேன். ஒரு பியூன் ஓடி வந்தார்.

"நடக்காதீங்க. தேய்மானம்."

"யாருக்கு?"

"தரைக்கு."

கடைசியில் என்னைத் தலைப்பக்க அதிகாரியிடம் அனுப்பினார்கள். பூதக்கண்ணாடியை நாள் முழுக்க அழுத்தி வைத்ததில் அவருடைய ஒரு கண்ணைச் சுற்றி வட்டமாகத் தழும்பு விழுந்திருந்தது. காசை வெல்வெட் துணியில் ராஜா முகம் மேலே இருக்கும்படி வைத்தேன். அவர் குனிந்தார். பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். நான் இந்தக் காலிலிருந்து அந்தக் காலுக்கு மாறி மாறி நின்றேன்.

"தலை" என்றார்.

"ஆமாங்க. ஐயா, இதைக் கழுவாம இருந்திருந்தா என்ன விலை போகும்?"

"முதல்ல நிலை, அப்புறம்தான் விலை. நிலையைச் சொல்லணும்னா பூவையும் பாக்கணும். அதை அவர் பாப்பாரு."

பக்கத்து மேஜையில் பூப்பக்க அதிகாரி மோட்டுவளையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவர் மேஜை காலி.

"அப்போ திருப்பி வையுங்களேன்."

தலைப்பக்க அதிகாரி பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். "நான் வேலைக்குச் சேர்ந்ததுலேர்ந்து தலை மட்டும்தான் பாக்குறேன், பெரியவரே. ஒரு காசோட மறுபக்கம் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சுக்கணும்னு ஆசைப்பட்டதும் இல்ல. ரெண்டு பக்கத்தையும் பாக்குறவன் எந்தப் பக்கத்தையும் சரியாப் பாக்க மாட்டான். காசைத் திருப்புறதுக்குன்னு தனியா ஒரு பதவி இருக்கு. அவர் ஓய்வு பெற்றுட்டாரு. புதுசா ஆள் போடணும்."

"அவர் ஓய்வு பெற்று எவ்வளவு நாளாச்சு?"

இதற்குப் பூப்பக்க அதிகாரி மோட்டுவளையிடம் பதில் சொன்னார். "நான் சேர்றதுக்கு முதல் நாள். இன்னிவரைக்கும் நான் ஒரு பூவைக்கூடப் பாத்ததில்ல. பதவி உயர்வு மட்டும் தவறாம வந்துட்டிருக்கு."

எனக்குப் பொறுக்கவில்லை. விரல் தானாகப் போயிற்று. நகத்தால் ஒரு சுண்டு. காசு எம்பி, காற்றில் புரண்டு, பூ மேலாக விழுந்தது.

எங்கோ மணி அடித்தது. பியூன் சுவரோடு ஒட்டிக்கொண்டார். தலைப்பக்க அதிகாரி, தவறிப்போய் மறுபக்கத்தைப் பார்த்துவிடுவோமோ என்று இரண்டு கைகளாலும் கண்ணைப் பொத்திக்கொண்டார். பூப்பக்க அதிகாரி மட்டும் மெல்ல எழுந்து வந்தார். குனிந்தார். அவர் கண்ணில் நீர் கட்டியது.

"பூ" என்றார். "இவ்வளவு அழகா இருக்கும்னு யாரும் சொல்லவே இல்லையே." பிறகு கடமை நினைவு வந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "கழுவப்பட்டது" என்றார்.

"நானும் அதையேதான் சொல்ல இருந்தேன்" என்றார் கண்ணைப் பொத்தியிருந்தவர்.

என்னை ஆணையத் தலைவரிடம் கூட்டிக்கொண்டு போனார்கள். அவர் அறைத் திரைச்சீலை என்ன நிறமென்று யாராலும் சொல்ல முடியாது. ஒட்டடை விளக்கிலிருந்து அவர் தோள்வரை வந்திருந்தது. அவர் அதைக் கலைக்காமல் தலையை மட்டும் திருப்பிப் பேசினார்.

"பெரியவரே, அழுக்கு லேசுப்பட்ட விஷயம் இல்ல. காசு மேல படிஞ்ச கறுப்பு இருக்கே, அதுதான் வரலாறு. உங்க வீட்டம்மா ஒரு மத்தியானத்துல ஒரு வரலாற்றையே பல்பொடி போட்டுத் தேய்ச்சிட்டாங்க. இந்த ஆணையம் நிக்கிறதே அழுக்கு மேலதான். நாங்க எதையும் கழுவுறதில்ல. என் மேஜையைப் பாருங்க. இது எனக்கு முந்தின தலைவர் சிந்தின காப்பி. அது அவருக்கு முந்தினவர் சிந்தினது. எல்லாம் அப்படியே காப்பாத்திட்டு வர்றோம். நான் சிந்துறதுக்குத்தான் இடம் இல்லாமப் போச்சு."

"அதெல்லாம் சரிங்க. இது கழுவாம இருந்திருந்தா..."

"இருந்திருந்தாங்கிறதுக்கு எங்ககிட்டப் பிரிவு கிடையாது. இருக்கிறதுக்குத்தான் பிரிவு. நீங்க ஒண்ணு பண்ணுங்க. இந்தக் காசுல மறுபடி அழுக்கை ஏத்துங்க. அப்போ இது கழுவாத காசு ஆயிடும். உடனே விலை சொல்லிடுறோம். அதுக்குன்னே ஒரு பிரிவு வச்சிருக்கோம்."

வைத்திருந்தார்கள். அதன் பெயர் மறு அழுக்கேற்றப் பிரிவு. பெரிய மண்டபம். நடுவில் ஒரு மேஜை. இரண்டு பக்கமும் இரண்டு உதவியாளர்கள். மேஜையில் ஒரு பிளாஸ்டிக் ஆப்பிள். பிரிவின் தலைவியாக இருந்த அம்மாள் எனக்கு விளக்கினார்.

"மண்ணுல புரட்டி எடுக்கிற அழுக்கு செல்லாது. நேர்மையான புழக்கத்துல வர்ற அழுக்குதான் செல்லும். இவங்க விப்பாங்க, அவங்க வாங்குவாங்க. பேரம் கட்டாயம். பேரம் இல்லாட்டி அது இயற்கையான புழக்கம் இல்ல."

உதவியாளர்கள் தொடங்கினார்கள்.

"ஆப்பிள் என்ன விலை?"

"ஒரு காசு."

"கொஞ்சம் குறைச்சுக்கக் கூடாதா?"

"எதைக் குறைக்கிறது? இருக்கிறதே ஒரு காசு."

"சரி, குடுங்க."

காசு கை மாறியது. இடம் மாறி உட்கார்ந்தார்கள். இப்போது இவர் ஆப்பிளை விற்றார், அவர் வாங்கினார். நான் அவர்கள் கையைப் பார்த்தேன். இருவரும் வெள்ளை உறை போட்டிருந்தார்கள்.

"அம்மா, கையுறை போட்டுட்டு மாத்தினா அழுக்கு எப்படி ஏறும்?"

"வெறுங்கை பட்டா காசு கெட்டுடுமே!"

"இப்படி எத்தனை காசு கறுத்திருக்கு?"

"முயற்சி பண்ணிட்டே இருக்கோம்" என்றார் அம்மாள். "ஆப்பிள் கறுத்திருக்கு."

வீட்டில் மடியில் கிடக்கும் இரண்டு கைகள் என் நினைவுக்கு வந்தன. இங்கே இந்த வேகத்தில் போனால் அவளுக்குப் பதில் கிடைப்பதற்குள் நாங்கள் இருவருமே பழம்பொருள் ஆகிவிடுவோம். 

"இதுக்குப் பேரு புழக்கமா?" என்று கத்திவிட்டேன். "புழக்கம்னா பஸ்ஸும்மா, பஸ்ஸு! நாற்காலியெல்லாம் எடுங்க!"

நாற்காலிகளை இரண்டு வரிசையாகப் போட வைத்தேன். நடுவில் வழி. மண்டபத்தில் இருந்தவர்கள், வராந்தாவில் இருந்தவர்கள், மணிச்சத்தம் கேட்டு எட்டிப் பார்க்க வந்தவர்கள், எல்லாரையும் ஏற்றினேன். தலைப்பக்க அதிகாரி முன்வாசல் வழியாகத்தான் ஏறுவேன் என்றார். பூப்பக்க அதிகாரி பின்வாசலில் தொங்கிக்கொண்டார். நான் வாயில் விரலை வைத்து ஒரு விசில் அடித்தேன். நம்பினால் நம்புங்கள், தரை அசைந்தது. ஓய்வு பெற்ற பிறகு அன்றைக்குத்தான் எனக்குத் தலை சுற்றாமல் இருந்தது.

"உள்ள போங்க, உள்ள போங்க! நடுவுல இடம் இருக்கு! டிக்கெட், டிக்கெட்!"

இருப்பது ஒரே காசு. ஒருவரிடம் வாங்கி, அடுத்தவர் கையில் திணித்து, திரும்பவும் அதை வாங்கி, இப்படியே முன்னும் பின்னும் போனேன். கையுறையோடு நீட்டியவர்களை "உறையக் கழட்டிட்டுச் சில்லறை குடுங்க சார், வழுக்குது" என்று அதட்டினேன். கழற்றினார்கள். ஒரு குமாஸ்தா ஜன்னலோரம் தூங்கிவிட்டார். எழுப்பினால், தன் ஸ்டாப்பு போய்விட்டதே என்று என்னிடம் சண்டைக்கு வந்தார்.

முன்சீட்டில் ஆணையத் தலைவர் ஒட்டடையோடு உட்கார்ந்திருந்தார்.

"டிக்கெட்."

"நான் தலைவர்."

"பஸ்ஸுல தலைவர் டிரைவர்தாங்க. டிக்கெட் எடுக்கலேன்னா இறங்குங்க."

விசில் அடித்தேன். இறங்கிவிட்டார். மண்டபத்தின் நடுவில் நின்றுகொண்டு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்தார். "அடுத்த வண்டி எப்ப வரும்?" என்று பாவமாகக் கேட்டார்.

வண்டி நிற்பதற்குள் காசில் ராஜாவின் கன்னம் கறுத்துவிட்டது. பிரிவின் தலைவி அதைப் பார்த்துக் கூவினார். "அழுக்கு! இயற்கையான அழுக்கு! இது எங்கேர்ந்து வந்துச்சு?"

எல்லாரும் என் வலது கட்டைவிரலைப் பார்த்தார்கள். சில்லறையும் டிக்கெட்டுமாகத் தேய்த்துத் தேய்த்து அதில் ஒரு கறுப்பு ஏறியிருக்கிறது. என் மனைவி தேய்த்துத் தோற்ற ஒரே இடம் உலகத்திலேயே அதுதான்.

"அப்போ விலையைச் சொல்லுங்க" என்றேன்.

"அதெப்படி?" என்றார் தலைவர். அதற்குள் அவர் தன் நிலைக்குத் திரும்பியிருந்தார். "காசோட தரம் அழுக்குல இருக்கு. அழுக்கோட தரம் விரல்ல இருக்கு. விரலோட தரம் ஆள்ல இருக்கு. முதல்ல ஆளைத் தரம் பிரிக்கணும்."

என்னை வெல்வெட் விரித்த மேஜைமேல் ஏற்றி நிறுத்தினார்கள். தலைப்பக்க அதிகாரி பூதக்கண்ணாடியை என் முகத்தில் வைத்தார். "நெற்றி தெளிவு. உச்சியில முழுத் தேய்மானம். மூக்குல சின்னக் கீறல்." விளிம்பு உதவியாளர் என்று ஒருவர் வந்து என் வாயைத் திறந்து பல்லைப் பார்த்துவிட்டு, "விளிம்பு வரிகள் அங்கங்க இல்ல" என்றார். பூப்பக்க அதிகாரி முதுகைப் பார்க்க வேண்டும். நான் திரும்பப் போனேன்.

"திரும்பாதீங்க!" என்று அலறினார்கள். "திருப்புறவர் இல்லாமத் திரும்பக் கூடாது!"

முடிவில் என்னை அசையாமல் நிற்கச் சொல்லிவிட்டு, பியூன்கள் கூடி மேஜையைத் திருப்பினார்கள். வெள்ளி அசலா என்று பார்க்க, கல்லில் போட்டுச் சத்தம் கேட்பார்கள் இல்லையா? என்னைப் போட முடியாது என்பதால் ஒரு மரச்சுத்தியலால் உச்சியில் தட்டினார்கள்.

"ஆ!"

"சத்தம் சுத்தமா இருக்கு" என்று குறித்துக்கொண்டார்கள். தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு அறிவித்தார்: "நன்று, கழுவப்படாதது."

"ஐயா, நான் தினம் ரெண்டு வேளை குளிக்கிறவன்!"

"அதை வெளிய சொல்லாதீங்க" என்று விளிம்பு உதவியாளர் என் காதில் கிசுகிசுத்தார். "தரம் குறைஞ்சிடும்."

தரம் பிரித்த பொருளைத் திறந்து வைக்கக் கூடாதாம். கிடங்கிலிருந்து ஆளுயரப் பிளாஸ்டிக் பெட்டி ஒன்று வந்தது. தேவைக்கு மட்டும் மூச்சுவிடத் துளை போட்டார்கள். உள்ளே நிறுத்தி, மூடி, நெற்றிக்கு நேரே சீட்டை ஒட்டி, முத்திரை வைத்துவிட்டார்கள். கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்தே பொழுதைக் கழித்தவனை! ஓர் அடி முன்னால் வைத்தால் மூக்கு இடித்தது. ஓர் அடி பின்னால் வைத்தால் பிடரி இடித்தது. வெளியே வரிசையாக வந்து விரலை வைத்து வைத்துப் பார்த்தார்கள். தலைப்பக்க அதிகாரியின் மூக்குத் தடம் ஒன்று என் கண்ணுக்கு நேரே பதிந்து நின்றது. நான் கத்தியது அவர்களுக்குக் கேட்கவில்லை. "எழுத்து ஏதோ அசையுது" என்று பூதக்கண்ணாடியால் என் உதட்டைப் பார்த்தார்கள்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு வராதவனைத் தேடிக்கொண்டு என் மனைவி வந்தாள். துணைக்கு அண்ணனைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். மச்சான் முன்னால் வந்து கோர்ட்டு வராந்தாக் குரலில் கேட்டார்:

"எங்க மாப்ளை இங்க வந்தாராமே?"

பெட்டியைக் காட்டினார்கள். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் உள்ளிருந்து இரண்டு கையையும் ஆட்டினேன்.

"இவருதான் எங்க மாப்ளைங்கிறதுக்கு ஆதாரம்?" என்றார்.

இருந்தாலும் இருந்தார், இப்படி ஒரு மனிதர்! ஆனால் தலைப்பக்க அதிகாரி அவரைவிடப் பெரிய ஆள். "நீங்க யாரு?" என்று கேட்டார்.

"இவரோட மச்சான்."

"அதுக்கு ஆதாரம்?"

மச்சானிடம் அதுவரை யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. பழக்கதோஷத்தில் அவரையும் மரச்சுத்தியலால் தட்டிப் பார்த்தார்கள். அதிர்ச்சியில் அப்போதும் அவருக்குக் குரல் வரவில்லை.

"சத்தமே இல்ல" என்றார் அதிகாரி. "ஐயத்துக்குரியது." சீட்டு எழுதி அவர் சட்டைப் பைமேல் பசை தடவி ஒட்டிவிட்டார்கள்.

என் மனைவி இது எதையும் பார்க்கவில்லை. பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரல் தடமும் மூக்குத் தடமுமாக இருந்த பிளாஸ்டிக்குக்குப் பின்னால் நான் மங்கலாகத் தெரிந்திருப்பேன். அவள் கை, அவளைக் கேட்காமலே, முந்தானை நுனியை எடுத்துக்கொண்டு மேலே வந்தது.

"தொடாதீங்கம்மா!" என்று தலைவர் கத்தினார். "தேய்ச்சா மதிப்பு போயிடும்!"

கை பாதியில் நின்றது.

அண்ணன் சொன்ன அதே சொல். பெட்டிக்குள் அதுவரை எப்படியோ சமாளித்துவிட்டேன், அவள் முகத்தைப் பார்த்த அந்த நேரத்தில்தான் எனக்கு மூச்சு முட்டியது. கை மறுபடி மடிக்குப் போய்விடும், இனி வரவே வராது என்று நினைத்தேன்.

அவள் தலைவரைத் திரும்பிப் பார்த்தாள். "உள்ள இருக்கிறது யாரு?"

"தரம் பிரிச்ச பொருள்."

"அது என் வீட்டுக்காரர். அவரு மதிப்பு எனக்குத் தெரியும்."

சொல்லிவிட்டு, எல்லாரும் சிக்கனமாக மூச்சுவிடும் அந்தக் கட்டடத்தில், பிளாஸ்டிக்மேல் "ஹா" என்று தாராளமாக ஒரு மூச்சு விட்டாள். தேய்த்தாள். மூக்குத் தடம் போயிற்று. விரல் தடங்கள் போயின. அவள் முகம் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

அதோடு அவள் நிற்கவில்லை. கைப்பையைத் திறந்து பல்பொடி டப்பாவை எடுத்தாள். நேரே தலைவரின் அறைக்குள் நுழைந்தாள். எல்லாரும் பின்னால் ஓடினார்கள். அறைக் கதவு என் பெட்டிக்கு நேரே இருந்ததால், இவள் புண்ணியத்தில் எனக்கு எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. மேஜைமேல் பொடியைக் கொட்டினாள்.

"கழுவாம இருந்திருந்தா அந்தக் காசு என்ன விலை?"

"அம்மா, இருந்திருந்தாங்கிறதுக்குப் பிரிவு..."

தேய்த்தாள். முந்தின தலைவர் சிந்திய காப்பி போயிற்று. கீழே மரம் தெரிந்தது. அது மேஜை என்பதே அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது. தலைவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். அவள் அதற்கும் முந்தினவரின் காப்பியை நெருங்கினாள். பக்கத்து அலமாரியில் தட்டுத் தட்டாகக் கறுத்த காசுகள் இருந்தன. ஒரு பார்வை அதன்மேலும் போட்டாள்.

"சொல்றீங்களா, அடுத்து அங்க போகட்டுமா?"

"சொல்றேன்! சொல்றேம்மா! ஒண்ணும் போயிருக்காது! அந்த ராஜா காலத்துல கூடை கூடையா அடிச்சுத் தள்ளின காசு அது. எங்க கிடங்குலயே மூட்டை மூட்டையாக் கிடக்கு, எடுத்துட்டுப் போக ஆளில்ல. கழுவாட்டியும் ரெண்டு காப்பி குடிக்கலாம், கழுவினாலும் அதே ரெண்டு காப்பிதான்!"

"வீடு?"

"எந்த வீடும்மா?"

அவள் மெதுவாகத் திரும்பினாள். அவள் அண்ணன் சட்டைச் சீட்டை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே."

"அது... ஒரு பேச்சுக்குச் சொன்னேன், தங்கச்சி. கேள்விப்பட்டிருக்கேன். யாரோ சொன்னாங்க."

"ஆதாரம்?" என்றாள் என் மனைவி.

என்னைத் திறந்துவிட்டார்கள். அவள் பல்பொடி டப்பாவை மூடும்வரை யாரும் மூச்சே விடவில்லை. வாசலில் காவலாளி நிறுத்துப் பார்த்து, "குறைஞ்சிருக்கு. நான்தான் சொன்னேனே" என்றார். வீட்டுக்கு வந்ததும் அவள் முந்தானையைச் செருகிக்கொண்டு ஆரம்பித்தவள், நிலா வந்து எங்கள் வீட்டுக் குழாயில் முகம் பார்க்கும்வரை நிறுத்தவில்லை. காசிலிருந்த பஸ் கறுப்பையும் தேய்த்து எடுத்து ராஜாவை மறுபடி தட்டில் வைத்தாள். என் கட்டைவிரலை மட்டும் இப்போதெல்லாம் தொடுவதில்லை. கேட்டால், "தரம் போயிடும்" என்கிறாள்.

இவ்வளவும் நடந்த பிறகு, மச்சான் அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று சாதித்து வந்தார். பஸ் கிடையாது, பெட்டி கிடையாது, அன்றைக்கு அவர் ஊரிலேயே கிடையாது. வீட்டு விலை என்ற பேச்சை எடுத்தால் மட்டும் காது கேட்காதது மாதிரி இருந்துவிடுவார்.

போன வாரம் மகள் வீட்டில் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். சம்பந்தி இந்தக் கதையைக் கேட்டதில்லை என்று தெரிந்ததும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆரம்பித்துவிட்டேன். தலைவரைப் பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்ட இடம் வந்தபோது மச்சான் குறுக்கே வந்தார்.

"சம்பந்தி, இவரு பேச்சைக் கேக்காதீங்க. இப்படி ஒரு ஆணையமே கிடையாது. மாப்ளைகிட்ட ஒரே ஒரு ஆதாரம் கேளுங்க, பாப்போம்."

நான் அவரைப் பார்க்காமலே தொடர்ந்தேன். "அப்புறம் மச்சானை நிக்க வச்சு, உச்சியில தட்டிப் பாத்து, சட்டையில 'போலி'ன்னு சீட்டு ஒட்டி அனுப்பிட்டாங்க, சம்பந்தி."

மச்சான் கையிலிருந்த சோற்றை இலையிலேயே போட்டுவிட்டு எழுந்தார்.

"எவன் போலின்னு ஒட்டினான்? 'ஐயத்துக்குரியது'ன்னுதான் ஒட்டினாங்க! தெளிவா எழுதியிருந்துச்சு! நான் படிச்சேன்!"

சம்பந்தி வாயில் வைத்த கவளத்தை மென்று முடிக்கவே மறந்துவிட்டார். என் மனைவி தண்ணீர் நிறைந்த ஒரு டம்ளரைக் கொண்டுவந்து அண்ணன் முன்னால் வைத்தாள். மகள் வீட்டு டம்ளர்தான். வந்த அன்றே அதையெல்லாம் தேய்த்து வைத்துவிட்டிருந்தாள். மச்சானின் முகம் அதில் அப்படியே தெரிந்தது. அவர் அந்த முகத்தைப் பார்த்தார்.

"அப்போ நடந்துச்சாண்ணே?" என்று கேட்டாள்.

அவர் உட்கார்ந்தார்.

"நடந்துச்சு" என்றார். "எல்லாமே நடந்துச்சு, தங்கச்சி. அந்தச் சட்டையில பசை இன்னும் போகல. நீ கொஞ்சம் தேய்ச்சுக் குடேன்."